தலைவன் இல்லாத ஊர்வலம்

கிணற்றிலிருந்து ஒரு குடம் நீரை இறைக்கிறோம். கயிற்றை இழுக்கும் கையில் தசை புடைத்து எழுகிறது. அந்த நொடியில் தசைக்குள்ளே கோடிக்கணக்கான மெல்லிய இழைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வழுக்கிச் செல்கின்றன. அவை யாவும் இசைவாக, ஒரே நேரத்தில் நகர்வதால்தான் குடம் மேலே வருகிறது.

தசையில் இந்த ஒழுங்கு இருப்பதில் வியப்பு ஒன்றும் இல்லை. இழைகள் அங்கே அணிவகுப்பில் நிற்கும் படைவீரர்களைப் போல முன்னரே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. நகர வேண்டுமானால் அவற்றுக்கு ஒரே வழிதான் உண்டு. ஆனால் அந்த அணியைக் கலைத்துவிட்டால்? இழைகளைத் தனித்தனியே பிரித்தெடுத்து, ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் கண்டபடி தூவி, நகர மட்டும் வசதி செய்து கொடுத்தால் என்ன நடக்கும்? சந்தை கலைந்த கூட்டம்போல ஆளுக்கொரு பக்கமாகத் திரியுமா? அல்லது யாரும் சொல்லாமலே மீண்டும் ஓர் அணி உருவாகுமா?

விளையாட்டுப் போலத் தோன்றும் இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை, இயற்பியலார், உயிரியலார் ஆகிய இரு சாராரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. ஒவ்வோர் உறுப்பும் தானே ஆற்றலைச் செலவிட்டுத் தானே நகரும் கூட்டத்தை ‘இயங்கு பொருள்’ என்று இன்று வகைப்படுத்துகிறார்கள். மீன் கூட்டம், பறவைக் கூட்டம், பாக்டீரியாக் கூட்டம் எல்லாம் இவ்வகையைச் சேர்ந்தவையே. அவற்றுள் மிக எளிமையானவை இந்த இழைகள். மீனுக்குக் கண் உண்டு. பறவைக்கு மூளை உண்டு. இழைக்கு இரண்டும் இல்லை. ஆதலால் கூட்டத்தில் ஒழுங்கு எங்கிருந்து வருகிறது என்று அறிய இழைகளே தக்க சோதனைப் பொருள்.

இழையும் துடுப்பும்

முதலில் இந்த இழைகளுடன் சற்று அறிமுகம் செய்து கொள்வோம்.

உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942-ஆம் ஆண்டில், ஹங்கேரி நாட்டின் செகெட் நகரில், ஆல்பர்ட் சென்ட் ஜியார்ஜியின் ஆய்வகத்தில் ஸ்ட்ராப் என்னும் ஆராய்ச்சியாளர் தசையிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். அதற்கு ஆக்டின் என்று பெயர். ஆக்டின் மூலக்கூறுகள் மணிகளைப் போலக் கோக்கப்பட்டு, முறுக்கிய கயிறுபோல நீண்ட இழையாகின்றன. இவ்விழையின் தடிமன் ஏறத்தாழ 7 நானோமீட்டர். அதாவது, ஒரு மில்லி மீட்டர் அகலத்தில் ஏறத்தாழ 1,40,000 இழைகளைப் பக்கம் பக்கமாக அடுக்கலாம். இழையின் இரு முனைகளும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதை இங்கே மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு முனையைத் தலை என்றும் மறு முனையை வால் என்றும் நாம் வைத்துக்கொள்ளலாம்.

ஆக்டினை நகர்த்துவது மயோசின் என்னும் மற்றொரு புரதம். இதன் தலைப்பகுதி படகுத் துடுப்பைப் போல வேலை செய்கிறது. ஆக்டினைப் பற்றுகிறது; வளைந்து சில நானோமீட்டர் தூரம் தள்ளுகிறது; விடுகிறது; மீண்டும் பற்றுகிறது. ஒவ்வொரு தள்ளலுக்கும் ஏ.டி.பி. எனப்படும் அடினோசின் டிரைபாஸ்பேட் மூலக்கூறு ஒன்று எரிபொருளாகச் செலவாகிறது. ஏ.டி.பி. தீர்ந்துவிட்டால் மயோசின் பற்றிய பிடியை விட முடியாமல் அப்படியே இறுகி நின்றுவிடும். உயிர் பிரிந்த சில மணி நேரத்தில் உடல் விறைத்துப் போவது இதனால்தான்.

கண்ணாடிமேல் ஒரு தசை

1986-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் கிரான், ஜேம்ஸ் ஸ்பூடிச் ஆகிய இருவரும் ஓர் எளிய வழியைக் கண்டார்கள். கண்ணாடித் தகட்டில் மயோசினைப் பூசி ஒட்டவைத்தார்கள். அதன்மேல் ஆக்டின் இழைகள் கலந்த நீரை ஊற்றி, ஏ.டி.பி.யும் சேர்த்தார்கள். தகட்டில் ஒட்டிய மயோசின் தலைகள் மேலே விழுந்த இழையைப் பற்றித் தள்ளத் தொடங்கின. ஒரு தலை விட, அடுத்த தலை பற்ற, இழை தகட்டின்மேல் வழுக்கிக்கொண்டே சென்றது. ஒரு மரவட்டையின் கால்களையெல்லாம் தரையில் நட்டுவிட்டு, உடலை மட்டும் அவற்றின்மேல் ஓடவிட்டதாகக் கற்பனை செய்து பாருங்கள். அதுதான் இந்தச் சோதனை.

இவ்வளவு மெல்லிய இழையைச் சாதாரண நுண்ணோக்கியில் காண முடியாது. எனவே நச்சுக் காளான் ஒன்றிலிருந்து கிடைக்கும் ஃபல்லாய்டின் என்னும் பொருளுடன் ஒளிரும் சாயத்தை இணைத்து, அதனை இழையோடு சேர்க்கிறார்கள். ஃபல்லாய்டின் ஆக்டினை இறுகப் பற்றி, இழை கரைந்து போகாமலும் காக்கிறது. கருமையான பின்புலத்தில் இழைகள் ஒளிக்கீற்றுகளாக ஊர்வது கண்ணுக்குத் தெரிகிறது.

தனியாக ஊரும் இழைக்குத் திட்டமான பாதை இல்லை. தலை முன்னே, வால் பின்னே என்பது மட்டும் உறுதி. அதன் தலை சற்றே இடமாகவும் வலமாகவும் தடுமாறுவதால், சிறிது நேரத்தில் புறப்பட்ட திசையையே மறந்து வேறெங்கோ சென்றுவிடும். கீழே உள்ள மயோசின் தலைகளும் எல்லாத் திசைகளிலும் கலந்து கிடப்பவை. அவை இழையைத் தள்ளுமே தவிர, இன்ன பக்கம் போ என்று சொல்வதில்லை.

கூட்டம் சேர்ந்தபோது

ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் இந்தச் சோதனையில் ஆராய்ச்சியாளர்கள் தனி இழைகளையே கவனித்து வந்தார்கள். தசை எவ்வாறு வேலை செய்கிறது என்பதே அவர்களுடைய கேள்வி. இழைகளை நெருக்கமாகத் தூவினால் என்ன ஆகும் என்பதை ஜெர்மனியின் மியூனிக் நகரில் வோல்கர் ஷாலர், ஆண்ட்ரியாஸ் பௌஷ், எர்வின் ஃபிரை முதலியோர் முறையாக ஆராய்ந்து, 2010-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

அவர்கள் பயன்படுத்திய இழைகள் ஏறத்தாழ 10 மைக்ரான் நீளமுள்ளவை. ஒரு மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். இழைகளின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 5 மைக்ரான். அதாவது, தன் உடல் நீளத்தில் பாதி தூரத்தை ஒவ்வோர் இழையும் ஒரு நொடியில் கடந்தது. நெருக்கமான கூட்டத்தில் எல்லா இழைகளும் ஒளிர்ந்தால் வெறும் வெளிச்சம்தான் தெரியும். அதனால் சில நூறு இழைகளுக்கு ஒன்று என்ற கணக்கில் சாயம் ஏற்றினார்கள். ஒளிரும் சில இழைகளைக் கொண்டு ஒளிராத பெருங்கூட்டத்தின் போக்கை அறிந்தார்கள்.

ஒரு மைக்ரான் நீளமும் ஒரு மைக்ரான் அகலமும் உள்ள சதுரத்துக்குச் சராசரியாக எத்தனை இழைகள் என்பதே அடர்த்தியின் அளவு. இந்த அளவு ஏறத்தாழ 5-க்குக் கீழே இருந்தவரை கூட்டத்தில் எந்த ஒழுங்கும் இல்லை. இழைகள் ஒன்றையொன்று கடந்து, திசைக்கு ஒன்றாகத் திரிந்தன. அந்த அளவைத் தாண்டியதும் காட்சி மாறியது. ஆங்காங்கே இழைகள் கூட்டமாகச் சேர்ந்து, தலைகள் எல்லாம் ஒரே பக்கம் நோக்க, மேகத் திட்டுகளைப்போல நகரத் தொடங்கின. அடர்த்தி ஏறத்தாழ 20-ஐத் தாண்டியபோது திட்டுகள் நீண்ட பட்டைகளாயின. அடர்ந்த பட்டை ஒன்று, அதன்பின் இழைகள் குறைந்த இடைவெளி, பிறகு மற்றொரு பட்டை என்று, கடலலைபோல் அவை ஒரே திசையில் சென்றன. சில இடங்களில் கூட்டம் வட்டமிட்டுச் சுழலவும் செய்தது.

இதிலே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 4 இழைகள் இருந்த இடத்தில் 6 இழைகள் ஆனபோது, ஒழுங்கு சிறிதளவு கூடவில்லை. இல்லாத ஒழுங்கு பிறந்தது. நீரின் வெப்பம் மெல்ல மெல்லக் குறையலாம். ஆனால் சுழியைத் தொட்டால்தான் பனிக்கட்டி உண்டாகிறது. அதைப் போன்றதே இந்த மாற்றமும். ஆனால் பனிக்கட்டியை அதே குளிரில் வைத்திருந்தால் போதும், அது அப்படியே இருக்கும். இழைகளின் ஊர்வலமோ ஏ.டி.பி. உள்ளவரைதான். எரிபொருள் தீர்ந்தால் மயோசின் தலைகள் இறுகி, அலை நின்ற இடத்தில் நின்றுவிடும். ஆற்றின் சுழி நீரோட்டம் உள்ளவரை இருப்பதுபோல, இந்த ஒழுங்கு ஆற்றல் ஓடிக்கொண்டிருக்கும்வரை மட்டுமே வாழ்வது.

பக்கத்தாரைப் பார்த்து நட

ஊர்வலத்துக்குத் தலைவன் யார்? அப்படி யாரும் இல்லை. எந்த இழையைப் பிடித்து வெளியே எடுத்தாலும் ஊர்வலம் நிற்காது. பின் எவ்வாறு திசை பிறந்தது?

இதற்கான வழியை, மியூனிக் சோதனைக்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே ஒரு கணக்கு காட்டியிருந்தது. 1995-ஆம் ஆண்டில் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரைச் சேர்ந்த டாமாஷ் விச்செக்கும் அவருடன் உழைத்தவர்களும் கணிப்பொறியில் சில புள்ளிகளை நடக்க விட்டார்கள். எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே வேகம். ஒவ்வொன்றுக்கும் ஒரே விதி: ‘குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கும் பக்கத்தார் எந்தத் திசையில் போகிறார்களோ, அதன் சராசரித் திசையில் நீயும் போ.’ இத்துடன் ஒவ்வோர் அடியிலும் சிறிது தடுமாற்றத்தையும் கலந்து வைத்தார்கள். கூட்டம் மெலிந்தோ தடுமாற்றம் மிகுந்தோ இருந்தபோது புள்ளிகள் குழம்பித் திரிந்தன. கூட்டம் அடர்ந்து தடுமாற்றம் குறைந்தபோது அனைத்தும் ஒரே திசையில் சென்றன. அந்தத் திசையை யாரும் முன்னதாகக் குறிக்கவில்லை. மறுமுறை கணக்கைத் தொடங்கினால் வேறொரு திசை வரும். இவ்வாறு வெளியிலிருந்து கட்டளை இல்லாமல், உறுப்புகளின் உறவிலிருந்தே கூட்டத்தின் ஒழுங்கு பிறப்பதைத் தன்னொழுங்கு என்கிறார்கள்.

இங்கே ஓர் ஐயம் எழுந்தது. காந்த ஊசிகளை ஒரு பெரிய தளத்தில் அடுக்கி, பக்கத்து ஊசியைப் பார்த்துத் திரும்பு என்று விட்டால், அவையும் இவ்வாறே ஒரே திசையைக் காட்ட வேண்டுமல்லவா? காட்டுவதில்லை. தளத்துக்குள் எந்தப் பக்கமும் திரும்பக்கூடிய ஊசிகள், அண்டை ஊசிகளோடு மட்டும் உறவு கொண்டிருந்தால், சிறிது வெப்பம் இருந்தாலே போதும். பரந்த தளம் முழுவதற்கும் ஒரே திசை என்பது நிலைக்காது. டேவிட் மெர்மின், ஹெர்பர்ட் வாக்னர் ஆகியோர் 1966-இல் காட்டிய முடிவு இது. அப்படியானால் இதே போன்ற விதியைப் பின்பற்றிய விச்செக்கின் புள்ளிகள் மட்டும் எப்படி ஒழுங்குக்கு வந்தன?

ஊசிகள் நின்ற இடத்தில் நிற்கின்றன; புள்ளிகள் நடக்கின்றன. வேறுபாடு இதுதான். தன் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காதவர்கள் மட்டுமே வாழும் ஊரில், ஒரு செய்தி அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று வாய் மாறி வாய் மாறிக் கடைசித் தெருவுக்குப் போவதற்குள் உருத் தெரியாமல் திரிந்துவிடும். மக்கள் ஊரெங்கும் நடமாடினால், செய்தியைக் கேட்டவரே அதைத் தொலைவுக்கு எடுத்துச் செல்வார். ஒரு பக்கம் நேர்ந்த பிழையை மறுபக்கத்தார் திருத்துவர். நடக்கும் புள்ளிகளுக்கும் பக்கத்தார் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். 1995-ஆம் ஆண்டிலேயே ஜான் டோனர், யூஹாய் டூ என்னும் இரு இயற்பியலார் இதனைச் சமன்பாடுகளால் விளக்கினார்கள். நின்றால் கிடைக்காத ஒழுங்கு, நடப்பதால் கிடைக்கிறது.

இருவர் வேறு, பலர் வேறு

ஆக, இழைகளும் முட்டிக்கொள்ளும்போது ஒன்றையொன்று பார்த்துத் திரும்புகின்றன. அதனால் ஊர்வலம் பிறக்கிறது என்று முடித்துவிடலாமா? மியூனிக் ஆராய்ச்சியாளர்கள் அப்படி முடித்துவிடவில்லை. இரண்டு இழைகள் உண்மையில் முட்டும்போது என்ன நடக்கிறது என்று அளந்து பார்க்க முற்பட்டார்கள்.

அடர்த்தியைக் குறைத்து, இரண்டிரண்டாக இழைகள் சந்திக்கும் நிகழ்ச்சிகளைப் படம்பிடித்தார்கள். எந்தக் கோணத்தில் வந்தன, எந்தக் கோணத்தில் பிரிந்தன என்று ஒவ்வொன்றையும் குறித்தார்கள். 2015-இல் வெளிவந்த முடிவு எதிர்பாராதது. இரு இழைகள் சந்திக்கும்போது ஒரே திசைக்குத் திரும்பும் நாட்டம் மிகச் சிறிதே. பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கடந்து, ஏறத்தாழ பழைய திசையிலேயே போய்விடுகின்றன. இரட்டைச் சந்திப்புகளை மட்டும் கொண்டு கணக்கிட்டால், ஊர்வலம் பிறக்கவே கூடாது. ஆனால் அடர்ந்த கூட்டத்தில் ஊர்வலம் கண்முன்னே நடக்கிறது!

விடை அடர்த்தியிலேயே இருந்தது. ஒரு சதுர மைக்ரானுக்கு 5 இழைகள் என்ற நெருக்கத்தில், 10 மைக்ரான் நீளமுள்ள இழை ஒருபோதும் ஒரே ஒருவரைச் சந்திப்பதில்லை. ஒரே நேரத்தில் பலரோடு முட்டிக்கொண்டே இருக்கிறது. ஒருவரைக் கடந்து போவது எளிது. ஒரே பக்கம் செல்லும் ஒரு கூட்டத்தைக் குறுக்கே கடப்பது எளிதன்று. தேரோட்ட நாளில் எதிர்த் திசையில் நடந்து பார்த்தவர்களுக்கு இது நன்கு விளங்கும். பலரும் சேர்ந்து முட்டும்போது உண்டாகும் விளைவு, இருவர் முட்டுவதைப் பலமுறை கூட்டிப் பெறும் விளைவு அன்று.

இந்த முடிவின் முக்கியத்துவம் ஆக்டினோடு நின்றுவிடவில்லை. வாயுக்களின் இயல்பைக் கணக்கிடும் பழைய முறை, இரண்டிரண்டு மூலக்கூறுகளின் மோதலை அறிந்தால் போதும், முழுமையை அறியலாம் என்ற நம்பிக்கையில் எழுந்தது. அடர்த்தி குறைந்த வாயுவில் அது செல்லும். நீண்ட இழைகள் நெருங்கி நகரும் இடத்தில் அதே நம்பிக்கையை அப்படியே எடுத்துச் செல்ல முடியாது. பகுதியை அளந்தபின் முழுமையையும் தனியே அளக்க வேண்டியிருக்கிறது.

சுழல்களால் ஆன பாய்

சந்திப்பின் தன்மை மாறினால் கூட்டத்தின் கோலமும் மாறும். இதற்கு அழகான சான்று ஜப்பானிலிருந்து வந்தது.

உயிரணுக்களில் (செல்களில்) ஆக்டினைத் தவிர நுண்குழல் என்ற இழையும் உண்டு. இது உள்ளே கூடான குழாய். வெளி விட்டம் 25 நானோமீட்டர். ஆக்டினைவிட விறைப்பானது. இதனை நகர்த்தும் புரதங்களுள் ஒன்று டைனீன். யுடாகா சுமினோ, கசுஹிரோ ஓய்வா முதலியோர், கிளாமிடோமோனாஸ் என்னும் பச்சைப் பாசியிலிருந்து எடுத்த டைனீனைக் கண்ணாடியில் ஒட்டி, அதன்மேல் ஏறத்தாழ 15 மைக்ரான் நீளமுள்ள நுண்குழல்களை நெருக்கமாக ஓடவிட்டார்கள். 2012-இல் அவர்கள் வெளியிட்ட படங்களில் காணப்பட்டவை அலைகள் அல்ல, சுழல்கள். ஒவ்வொரு சுழலின் விட்டமும் ஏறத்தாழ 400 மைக்ரான். அதாவது, இழையின் நீளத்தைப்போல் 25 மடங்குக்கும் மேல். நேரம் செல்லச் செல்லச் சுழல்கள் பக்கம் பக்கமாக அடுக்கப்பட்டு, பின்னிய பாயைப்போல் தகட்டை நிரப்பின.

இதற்கு இரண்டே காரணங்கள் போதும் என்று அவர்கள் காட்டினார்கள். முதலாவது, நுண்குழல் திடீர் திடீரென்று திசை மாறுவதில்லை. ஒரு பக்கம் வளையத் தொடங்கினால் சிறிது நேரம் அதே வளைவில் செல்கிறது. இரண்டாவது, இரு குழல்கள் முட்டும்போது ஒன்றுக்கொன்று இணையாகத் திரும்பிக்கொள்கின்றன. ஆனால் ஒரே திசையில் செல்வதும் எதிரெதிர்த் திசையில் செல்வதும் அவற்றுக்கு ஒன்றுதான். அதனால் ஒவ்வொரு சுழலிலும் சில குழல்கள் வலமாகவும் சில இடமாகவும், இருவழிச் சாலையில்போல, சுற்றிக்கொண்டிருந்தன.

மியூனிக் குழுவினர் 2018-இல் இன்னும் ஓர் அடி சென்றார்கள். ஆக்டின் இழைகள் ஓடும் நீரில் பாலிஎதிலீன் கிளைக்கால் என்னும் பொருளைச் சிறிதளவு கலந்தார்கள். அது இழைகளை ஒன்றையொன்று நோக்கி மெல்ல நெருக்குகிறது. அதனால் சந்திப்பின் இயல்பு மாறுகிறது. முன்பு ஒரே திசையில் அலைகளாகச் சென்ற அதே இழைகள், இப்போது இருவழித் தடங்களை அமைத்தன. இடைப்பட்ட நிலையில் ஒரே தகட்டில் ஒரு பக்கம் அலையும் மறுபக்கம் இருவழித் தடமும் சேர்ந்தே இருந்தன. நெருக்கம் சிறிது மாறியதால் ஊர்வலத்தின் உருவமே மாறிவிட்டது.

குச்சியும் பாசியும்

இந்த ஒழுங்கு உயிரின் தனிச் சொத்தா? இல்லை என்பதைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் நடந்த ஒரு சோதனை தெளிவாக்கியது. இயங்கு பொருள் பற்றிய கோட்பாட்டை உலக அளவில் உருவாக்கியவர்களுள் ஒருவரான ஸ்ரீராம் ராமஸ்வாமியும், அஜய் சூடும், அவர்களுடைய மாணவர்களும் 2014-இல் இதனை வெளியிட்டார்கள். சில மில்லி மீட்டர் நீளமுள்ள பித்தளைக் குச்சிகள். ஒரு முனை பருத்தும் மறுமுனை மெலிந்தும் இருப்பவை. இவற்றைச் சிறு அலுமினிய மணிகளுக்கு நடுவே ஒரு தட்டில் பரப்பி, தட்டை மேலும் கீழும் அதிரச் செய்தார்கள். முனைகள் ஒத்திராததால் அதிர்வில் ஒவ்வொரு குச்சியும் ஒரு பக்கமாக நகர்ந்தது. குச்சிகள் மிகச் சிலவே. ஒன்றையொன்று தொடுவதுகூட இல்லை. ஆயினும் மணிகள் போதுமான அளவு நெருங்கியிருந்தபோது, குச்சிகள் எல்லாம் ஒரே திசையில் சுற்றிவரத் தொடங்கின. ஒரு குச்சி தள்ளிய மணிகளே அதன் போக்கை மற்றக் குச்சிகளுக்குத் தெரிவித்தன.

கண்ணுக்குத் தெரியும் உயிருள்ள இழைகளும் உண்டு. பள்ளிப் பாடத்தில் படித்த ஆசிலடோரியா என்னும் நீலப்பசும் பாசி நினைவிருக்கலாம். அதன் இழைகள் தாமே வழுக்கி ஊர்பவை. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் ஆராய்ந்தவர்கள் 2023-இல் வெளியிட்ட முடிவும் நமக்குப் பழகிய கதையையே சொல்கிறது: இழைகள் குறைவாக இருந்தபோது ஒழுங்கின்றிப் பரவிக் கிடந்தன, ஓர் அடர்த்தியைத் தாண்டியதும் கற்றை கற்றையாகச் சேர்ந்து, வலைபோன்ற கோலத்தை அமைத்தன.

செடி நேராக வளர்வது எப்படி?

இவையெல்லாம் தகட்டிலும் தட்டிலும் நடந்த காட்சிகள். உயிர் வாழ்வதற்கு இந்தத் தன்னொழுங்கால் ஏதேனும் பயன் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. அதற்கு ஒரு பயிரின் தண்டைப் பார்த்தாலே போதும்.

தண்டில் உள்ள உயிரணு நீரை உறிஞ்சி விரிகிறது. விரியும் பொருள் பந்துபோல் எல்லாப் பக்கமும் உருண்டு பருக்க வேண்டும். ஆனால் தண்டின் உயிரணு நீளவாக்கில் மட்டுமே வளர்கிறது. ஏனெனில் அதன் சுவரில் செல்லுலோஸ் நார்கள், மரப்பீப்பாய்க்கு இட்ட இரும்புப் பட்டைகளைப்போல, குறுக்கே சுற்றியிருக்கின்றன. அந்த நார்களை நெய்யும் நொதிகள் சுவருக்கு உட்புறம் நுண்குழல்களின் வழியைப் பின்பற்றி நகர்வதை 2006-இல் நேரடியாகவே படம்பிடித்தார்கள். ஆக, நுண்குழல்கள் குறுக்கே அணிவகுத்தால்தான் தண்டு நெடுக வளரும்.

அந்த அணிவகுப்பைக் கலைத்தால் என்ன ஆகும் என்பது அதற்கும் வெகு முன்பே, 1962-இல், பால் கிரீன் செய்த சோதனையில் தெரிந்திருந்தது. நிடெல்லா என்னும் நீர்ப்பாசிக்கு அவர் கோல்சிசின் கொடுத்தார். நம் ஊரில் செங்காந்தள் எனவும் கண்வலிக் கிழங்கு எனவும் வழங்கும் கொடியின் கிழங்கிலும் விதையிலும் உள்ள கொடிய நஞ்சு இது. நுண்குழல்கள் உருவாகாமல் தடுப்பது. நீள வேண்டிய உயிரணு திசையிழந்து, எல்லாப் பக்கமும் பருக்கத் தொடங்கியது.

இந்த நுண்குழல்களை அணியில் நிறுத்துவது யார்? இவை துடுப்புகளால் தள்ளப்படுவதில்லை. உயிரணுவின் உட்புறத்தில் ஒட்டிக்கிடக்கின்றன. ஆனால் ஒரு முனையில் புதிய மூலக்கூறுகள் வந்து சேர, மறுமுனையில் பழையவை கழன்று விழுகின்றன. வரிசையின் முன்னால் ஒருவர் வந்து சேர்ந்து, பின்னால் ஒருவர் விலகினால், நிற்பவர்கள் அசையாமலே வரிசை முன்னேறும் அல்லவா? அதுபோல இவையும் நகர்கின்றன, ஒன்றோடொன்று முட்டுகின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராம் தீட்சித், ரிச்சர்ட் சிர் ஆகிய இருவரும் 2004-இல் இந்த முட்டல்களை உயிருள்ள உயிரணுவிலேயே கண்காணித்தார்கள். முட்டும் கோணம் ஏறத்தாழ 40 பாகைக்குக் குறைவானால், வந்த குழல் வளைந்து மற்றதன் அருகே ஒட்டிச் சென்றது. கோணம் அதைவிடப் பெரிதானால், அது குறுக்கே கடந்தது. அல்லது வளர்ச்சி நின்று, முனையிலிருந்து சரசரவெனக் கரைந்து போனது. பொருந்தி நடந்தவை நிலைத்தன. குறுக்கே வந்தவற்றுள் பல மறைந்தன. இதுவே மீண்டும் மீண்டும் நிகழும்போது, கலைந்து கிடந்த குழல்கள் இணையான அணியாகின்றன. அந்த அணி எந்தத் திசையை நோக்க வேண்டும் என்பதில் உயிரணுவின் வடிவத்துக்கும் வேறு சில புரதங்களுக்கும் பங்கு உண்டு. அணியாகச் சேரும் வேலையைக் குழல்களின் முட்டலே செய்துவிடுகிறது.

முட்டும் கோணத்தில் உள்ள சிறு வேறுபாடு நுண்குழலின் அணியாகிறது. அணி, நாரின் திசையாகிறது. நாரின் திசை, தண்டின் உயரமாகிறது. வரைபடம் எதுவும் வைத்துக்கொள்ளாமல், எந்த மேற்பார்வையாளரும் இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்று முட்டித் திரும்பும் இழைகளைக் கொண்டே ஒரு நெற்பயிர் வயலில் நிமிர்ந்து நிற்கிறது.